ஹீட் பம்ப் மாட்டியாயிற்று, வரிக் கிரெடிட் வாங்கியாயிற்றா? அமெரிக்க வீட்டு உரிமையாளர்களுக்கான ஃபார்ம் 5695 வழிகாட்டி

அமெரிக்காவில் குடியிருக்கும் வீட்டுக்கு ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிரூட்டவும் செய்யும் மின்சாதனம்), உயர்திறன் ஃபர்னஸ், பாய்லர் மாட்டியவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த வரிக் கிரெடிட் 2025 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதை 2032 வரை நீட்டியிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய வரிச் சட்டம் ஏழு ஆண்டுகள் முன்னதாகவே கதவைச் சாத்திவிட்டது.

நின்றுபோனது இனிமேல் மாட்டுகிறவர்களுக்கான சலுகை மட்டும்தான். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் வேலையை முடித்தவர்களின் உரிமை அப்படியே இருக்கிறது. 2025 கணக்கில், ஃபார்ம் 5695 என்ற வரிப் படிவத்தின் மூலம் கேட்கலாம். முந்தைய இரண்டு ஆண்டுகளில் கேட்க விட்டுப்போயிருந்தால் கணக்கைத் திருத்தியும் வாங்கலாம். தகுதி இருந்தும் இந்தப் பணம் கைநழுவுவது பெரும்பாலும் காகிதத்தால்தான்: தவறான சான்றிதழ், பிரித்துக் காட்டாத பில், விட்டுப்போன ஒரு குறியீடு. அதனால் இந்த வழிகாட்டியில் காகிதங்களுக்கே அதிக இடம்.

எதற்கு எவ்வளவு

இது மத்திய வரிச் சட்டத்தின் 25சி பிரிவின் கீழ் வரும் கிரெடிட். தகுதியான செலவில் 30 சதவீதத்தை, நீங்கள் கட்டவேண்டிய வரியிலிருந்து நேராகக் கழிக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு இரண்டு தனித்தனி உச்சவரம்புகள் உண்டு.

முதலாவது 2,000 டாலர். ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர், விறகு அல்லது பெல்லெட் எரிக்கும் அடுப்பும் பாய்லரும் (வெப்பத்திறன் குறைந்தது 75 சதவீதம்) இதில் வரும். ஒரே ஆண்டில் ஹீட் பம்பும் வாட்டர் ஹீட்டரும் மாட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்துதான் 2,000. ஒன்றை 2024-இலும் மற்றதை 2025-இலும் மாட்டியிருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாக 2,000 வரை உண்டு.

இரண்டாவது 1,200 டாலர். கேஸ் ஃபர்னஸ், கேஸ் பாய்லர், சென்ட்ரல் ஏசி, மின் பேனல் ஆகியவை இதற்குள் வரும். ஒவ்வொன்றுக்கும் 600 வரை. ஜன்னல்களுக்கு மொத்தம் 600, வெளிக்கதவு ஒன்றுக்கு 250 (எல்லாக் கதவுக்கும் சேர்த்து 500), எனர்ஜி ஆடிட்டுக்கு (வீட்டில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று பார்க்கும் ஆய்வு) 150. இன்சுலேஷனுக்குத் தனி வரம்பு கிடையாது, 1,200 முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வரம்பையும் கூட்டினால் ஓர் ஆண்டில் அதிகபட்சம் 3,200.

மின் பேனலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. 200 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும், ஹீட் பம்ப் போன்ற தகுதியான சாதனத்தை மாட்டுவதற்காகவே மாற்றியிருக்கவேண்டும். கார் சார்ஜருக்காக மாற்றிய பேனல் இதில் சேராது. சுவரோரம் மாட்டும் சாதாரண எலெக்ட்ரிக் ஹீட்டருக்கும், தனியாக வாங்கிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கும் எதுவும் கிடையாது.

உங்கள் வீடு தகுதியானதா

வீடு அமெரிக்காவில் இருக்கவேண்டும், நீங்கள் அதில் வசிக்கவேண்டும். குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கப்படுவதில்லை. எச்-1பி விசாவில் இருந்துகொண்டு ரெசிடென்ட் என்ற முறையில் ஃபார்ம் 1040 (ஆண்டு வருமான வரிக் கணக்கு) தாக்கல் செய்கிறவருக்கும் அதே உரிமைதான்.

நம்மவர்கள் அதிகம் இடறுவது இரண்டு இடங்களில். பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கிய புத்தம்புது வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹீட் பம்புக்கு 25சி கிடைக்காது. இருக்கிற வீட்டை மேம்படுத்தினால்தான் கிடைக்கும். இரண்டாவது, வாடகைக்கு விட்டிருக்கும் வீடு. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்கு, சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் கேட்க முடியாது. நீங்களே அவ்வப்போது தங்கிப் பயன்படுத்தும் இரண்டாவது வீட்டில் மாட்டிய ஹீட் பம்புக்குக் கேட்கலாம், இன்சுலேஷனுக்கும் ஜன்னலுக்கும் முடியாது. அவை முதன்மை வீட்டுக்கு மட்டும். வீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் தொழிலுக்குப் பயன்பட்டால், மீதிப் பங்குக்கான செலவை மட்டுமே கணக்கில் கொள்ளவேண்டும்.

சாதனம் தகுதியானதா: ஏஎச்ஆர்ஐ சான்றிதழைப் படிப்பது

"எனர்ஜி ஸ்டார் ஸ்டிக்கர் இருக்கிறதே, போதாதா?" என்ற கேள்விக்குப் பதில்: ஹீட் பம்புக்குப் போதாது. சட்டம் கேட்பது சிஇஇ என்ற அமைப்பு வகுத்த உயர்ந்த தர அடுக்கு (அட்வான்ஸ்டு அடுக்கு நீங்கலாக). அதுவும், மாட்டிய ஆண்டின் தொடக்கத்தில் அமலில் இருந்த அடுக்கு. 2025 தொடக்கத்தில் ஹீட் பம்புக்கான அளவுகோல் மாறியது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு 2024-இல் தகுதி பெற்ற அதே மாடல், உங்களுக்கு 2025-இல் தகுதி பெறாமல் போகலாம். எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், டக்ட் (காற்றுக் குழாய்) உள்ளதா இல்லாததா என்பதைப் பொறுத்தும் எண்கள் வேறுபடலாம்.

இதைத் தீர்த்துவைக்கும் காகிதம், ஏஎச்ஆர்ஐ என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் சான்றிதழ். மாட்டிக்கொடுத்த கான்ட்ராக்டரிடம் கேட்டால் தருவார். ரெஃபரன்ஸ் எண் தெரிந்தால் ஏஎச்ஆர்ஐ டைரக்டரி தளத்தில் நீங்களே இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. ஒரே பக்கம்தான். மேலே ரெஃபரன்ஸ் எண். அதன்கீழ் வெளி யூனிட்டின் மாடல், உள்ளே இருக்கும் காயில் (வெப்பம் பரிமாறும் சுருள்குழாய்) அல்லது ஏர் ஹேண்ட்லரின் (காற்றைத் தள்ளும் பெட்டி) மாடல், இருந்தால் ஃபர்னஸின் மாடல். அதற்கும் கீழே மூன்று எண்கள்: எஸ்இஇஆர்2 (ஒரு கோடைக்காலம் முழுவதற்குமான குளிரூட்டும் திறன்), இஇஆர்2 (95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் குளிரூட்டும் திறன்), எச்எஸ்பிஎஃப்2 (குளிர்காலம் முழுவதற்குமான வெப்பமூட்டும் திறன்).

சான்றிதழ் ஒரு ஜோடிக்குக் கொடுக்கப்படுவது, தனி யூனிட்டுக்கு அல்ல. வெளி யூனிட் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பழைய காயிலோடு கோத்திருந்தால் அந்த ஜோடிக்கு ரெஃபரன்ஸ் எண்ணே இருக்காது, அல்லது தரம் குறைந்திருக்கும். செலவைக் குறைக்கக் காயிலை மாற்றாமல் விட்ட வீடுகளில் 2,000 டாலர் இப்படித்தான் போகிறது. எனவே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வெளி யூனிட்டின் பக்கவாட்டில் உள்ள தகட்டையும், ஏர் ஹேண்ட்லர் கதவின் உட்புறத்தில் உள்ள ஸ்டிக்கரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் மாடல் எண்ணின் நடுவே நட்சத்திரக்குறி வந்தால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் இருக்கலாம் என்று பொருள். மற்ற எழுத்துகள் பொருந்தியே ஆகவேண்டும். வெளித் தகடு வெயிலில் வெளுத்துவிடும், இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எண்களில் ஒன்று குறைந்தாலும் தகுதி போய்விடும். இன்வெர்ட்டர் வகை யூனிட்டுகள் பல, எஸ்இஇஆர்2-விலும் எச்எஸ்பிஎஃப்2-விலும் எளிதாகத் தாண்டிவிட்டு இஇஆர்2-வில் சிக்கிக்கொள்ளும். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எஸ்இஇஆர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைய வேண்டாம்.

கேஸ் ஃபர்னஸ் என்றால் ஏஎஃப்யூஇ (ஆண்டு முழுவதற்குமான எரிபொருள் திறன்) 97 சதவீதம், கேஸ் பாய்லர் என்றால் 95 சதவீதம் வேண்டும். சந்தையில் "உயர்திறன்" என்று விற்கப்படுபவற்றில் 95, 96 சதவீத ஃபர்னஸ்களே அதிகம். அவை நல்ல கருவிகள்தான், ஆனால் கிரெடிட் இல்லை. மஞ்சள் எனர்ஜிகைடு அட்டையில் இந்த எண் பெரிதாக அச்சிட்டிருக்கும்.

எந்தத் தேதி கணக்கு

பணம் கட்டிய தேதி அல்ல, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதியும் அல்ல. வேலை முடிந்து சாதனம் ஓடத் தயாரான தேதிதான் கணக்கு. 2025 அக்டோபரில் முழுப் பணமும் கொடுத்து, வேலை 2026 ஜனவரியில் முடிந்தது என்றால் கிரெடிட் இல்லை. கடனில் வாங்கியிருந்தால் முழு விலையையும் கணக்கில் கொள்ளலாம், வட்டியைச் சேர்க்கக்கூடாது.

டிசம்பர் கடைசியில் வேலை முடிந்தவர்களுக்குத் தேதியை நிரூபிக்கும் காகிதம் முக்கியம். யூனிட்டை முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும்போது டெக்னீஷியன் அழுத்தமும் வெப்பநிலையும் குறித்துத் தரும் ஸ்டார்ட்-அப் தாள், நகராட்சியின் இன்ஸ்பெக்ஷன் அட்டை, கடைசி இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

இன்வாய்ஸை எப்படிப் பிரித்து வாங்குவது

ஹீட் பம்ப், ஃபர்னஸ், பாய்லர், வாட்டர் ஹீட்டர், பேனல் ஆகியவற்றுக்குக் கூலியும் தகுதியான செலவுதான். இன்சுலேஷன், ஜன்னல், கதவு ஆகியவற்றுக்குப் பொருளின் விலை மட்டும், கூலி சேராது. "ஹீட் பம்ப், பேனல், அட்டிக் இன்சுலேஷன், மொத்தம் 16,000 டாலர்" என்று ஒரே வரியில் பில் கொடுத்திருந்தால் அதை வைத்து எதையும் கேட்பது ஆபத்து. கான்ட்ராக்டரிடம் சொல்லி, ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி, இன்சுலேஷனுக்குப் பொருள் தனி கூலி தனி, மாடல் எண்கள், வீட்டு முகவரி, வேலை முடிந்த தேதி ஆகியவற்றோடு திருத்திய இன்வாய்ஸ் வாங்குங்கள். நிறுவனம் கைமாறுவதற்கோ மூடுவதற்கோ முன்னால் கேட்டுவிடுவது நல்லது.

எனர்ஜி ஆடிட்டுக்குக் கேட்பதாக இருந்தால், 2024 முதல் சான்றுபெற்ற ஆடிட்டர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும். அதில் அவர் பெயரும் இஐஎன் எண்ணும் (தொழிலுக்கான வரி அடையாள எண்) இருக்கவேண்டும். யூட்டிலிட்டி (மின்சார, கேஸ்) நிறுவனம் இலவசமாகச் செய்து கொடுத்த ஆடிட்டுக்கு உங்கள் கைச்செலவு இல்லை, ஆகவே கிரெடிட்டும் இல்லை.

ரிபேட்டைக் கழிக்கவேண்டும்

மின்சார அல்லது கேஸ் நிறுவனம் கொடுத்த ரிபேட் (வாங்கியதற்காகத் தரும் தள்ளுபடிப் பணம்), தயாரிப்பாளரோ விற்பவரோ கொடுத்த ரிபேட், மத்திய எரிசக்தித் துறைப் பணத்தில் மாநிலங்கள் கொடுக்கும் ஹியர், ஹோம்ஸ் என்ற இரு திட்டங்களின் ரிபேட்டுகள் எல்லாவற்றையும் செலவிலிருந்து முதலில் கழித்துவிட்டுத்தான் 30 சதவீதம் போடவேண்டும். ரிபேட் அடுத்த ஆண்டு கைக்கு வந்தாலும் அந்த வேலைக்குரியதுதான். மாநில அரசின் மற்ற ஊக்கத்தொகைகளைப் பொதுவாகக் கழிக்கவேண்டியதில்லை. அவை விலைக்குறைப்பாக அமைந்தால் மட்டுமே கழிக்கவேண்டும்.

முழு வீட்டுக்கான ஹீட் பம்பில் இது பெரும்பாலும் பாதிக்காது. 2,000 வரம்பைத் தொடுவதற்குச் சுமார் 6,667 டாலர் செலவு போதும். பாதிப்பது சிறிய வேலைகளில். 4,000 டாலர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு 750 ரிபேட் வந்திருந்தால், 3,250-இன் 30 சதவீதமான 975 மட்டுமே கேட்கவேண்டும், 1,200 அல்ல.

க்யூஎம்ஐடி: 2025-க்கு மட்டும் வந்த புது எண்

2025-இல் மாட்டிய சாதனம் ஒவ்வொன்றுக்கும் அதன் தயாரிப்பாளரின் க்யூஎம்ஐடி எண்ணை ஃபார்ம் 5695-இல் எழுதவேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்த நான்கு இடக் குறியீடு இது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் பதிவு செய்த தயாரிப்பாளருக்கே இது கிடைக்கும். பதிவு செய்யாத நிறுவனத்தின் சாதனம் எவ்வளவு திறனுள்ளதாக இருந்தாலும் 2025-க்குக் கிரெடிட் இல்லை. ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், பாய்லர், ஏசி, பேனல், ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் வேண்டும். இன்சுலேஷனுக்கும் ஆடிட்டுக்கும் வேண்டாம்.

இந்த எண் யூனிட்டின் தகட்டில் இருக்கும் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். சீரியல் எண்ணோ மாடல் எண்ணோ இதற்குப் பதிலாகாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் வரிக் கிரெடிட் பகுதியிலோ, அவர்கள் வெளியிட்ட சான்றறிக்கையிலோ பாருங்கள். கான்ட்ராக்டரையும் கேட்கலாம். ஒரே பில்லில் ஹீட் பம்ப் ஒரு நிறுவனம், பேனல் இன்னொரு நிறுவனம் என்றால் இரண்டு எண்கள் தேவை. 2023, 2024 கணக்குகளுக்கு இது தேவையில்லை.

ஃபார்ம் 5695-ஐ நிரப்புவது

அந்தந்த ஆண்டுக்குரிய படிவத்தையே பயன்படுத்துங்கள். பகுதி 1 சோலார், ஜியோதெர்மல் போன்றவற்றுக்கு. நமக்கு வேண்டியது பகுதி 2. அதில் பிரிவு ஏ இன்சுலேஷன், ஜன்னல், கதவுக்கு; பிரிவு பி வெப்பமூட்டும் சாதனங்கள், பேனல், ஆடிட்டுக்கு. மென்பொருளில் செய்கிறவர்கள் "வீட்டு எரிசக்திக் கிரெடிட்" பகுதியில் சோலார் பக்கத்திலேயே ஹீட் பம்பையும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படிப் போட்டால் வரம்பே இல்லாமல் 30 சதவீதம் வந்து நிற்கும். பெரிய எண்ணைப் பார்த்து மகிழாமல் திரும்பிப்போய்த் திருத்துங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2025-இல் ஒரு குடும்பம் செய்தவை: ஹீட் பம்ப் கூலியோடு 11,800 டாலர், யூட்டிலிட்டி ரிபேட் 1,500, அதற்காக 200 ஆம்பியர் பேனல் 2,400, அட்டிக் இன்சுலேஷன் 1,800, அதில் பொருள் 1,100, ஆடிட் 400.

ஹீட் பம்ப்: 11,800-இல் 1,500 போக 10,300. அதன் 30 சதவீதம் 3,090, வரம்பு 2,000. எனவே 2,000.
பேனல்: 2,400-இன் 30 சதவீதம் 720, வரம்பு 600. எனவே 600.
இன்சுலேஷன்: 1,100-இன் 30 சதவீதம் 330.
ஆடிட்: 400-இன் 30 சதவீதம் 120, வரம்புக்குள்.

பேனல், இன்சுலேஷன், ஆடிட் மூன்றும் சேர்ந்து 1,050. இது 1,200-க்குள் இருக்கிறது. மொத்தம் 3,050 டாலர். இந்தத் தொகை ஷெட்யூல் 3 என்ற இணைப்புப் படிவத்தில் 5பி வரிசைக்குப் போய், அங்கிருந்து 1040-க்குப் போகும். இன்வாய்ஸையோ சான்றிதழையோ கணக்கோடு இணைக்கவேண்டாம். கேட்டால் காட்டுவதற்குப் பத்திரமாக வைத்திருங்கள்.

வரி போதாமல் போனால்

இந்தக் கிரெடிட் உங்கள் வரியைச் சுழியம் வரை குறைக்கும், அதற்குமேல் கையில் பணமாகத் தராது. மீதியை அடுத்த ஆண்டுக்கு நகர்த்தவும் முடியாது. "எனக்குச் சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்கள், கடைசியில் கட்டவேண்டியது ஒன்றுமில்லை, அப்படியானால் கிரெடிட் கிடைக்காதா?" என்று பலர் குழம்புகிறார்கள். கிடைக்கும். பார்க்கவேண்டியது ஆண்டு முழுவதற்குமான வரிப்பொறுப்பு, பிடித்தம் போக மீதி அல்ல. வரிப்பொறுப்பு 9,000, பிடித்தம் 9,000 என்றால் மேலே சொன்ன 3,050 முழுவதும் ரீஃபண்டாக வரும்.

வரிப்பொறுப்பே 2,400 என்றால் 2,400 வரைதான், மீதி 650 போய்விடும். வெளிநாட்டு வரிக் கிரெடிட், குழந்தைப் பராமரிப்புக் கிரெடிட், கல்விக் கிரெடிட் ஆகியவை இதற்கு முன்னால் கழிக்கப்படும். சைல்டு டேக்ஸ் கிரெடிட் இதற்குப் பின்னால்தான் வரும். அது நல்லதுதான், ஏனென்றால் அதில் மீதியாவதில் ஒரு பகுதி பணமாகத் திரும்பிவர வழியுண்டு.

ஜியோதெர்மல் என்றால் கணக்கே வேறு

நிலத்தடியில் குழாய் பதித்து ஓடும் ஜியோதெர்மல் ஹீட் பம்ப் 25டி பிரிவில், அதாவது பகுதி 1-இல் வரும். கூலியோடு சேர்த்து 30 சதவீதம், உச்சவரம்பு இல்லை, புது வீட்டுக்கும் உண்டு. வரியைத் தாண்டிய மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லலாம். இதற்கும் 2025 டிசம்பர் 31-க்குள் வேலை முடிந்திருக்கவேண்டும். துளை போட்டு முடித்து, உள்ளே யூனிட் மாட்டாமல் நின்றிருந்தால் போதாது. 2024-இலோ 2025-இலோ மாட்டி மீதி வைத்திருப்பவர்கள், அடுத்த ஆண்டுக் கணக்கிலும் ஃபார்ம் 5695-ஐ மறக்காமல் இணைக்கவேண்டும். மென்பொருளை மாற்றினாலோ வேறு கணக்காளரிடம் போனாலோ இந்த மீதித்தொகை தானாக வந்து சேராது.

விட்டுப்போன ஆண்டுகளுக்கு 1040-எக்ஸ்

கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள், அல்லது வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை திருத்தலாம். கெடுவுக்கு முன்பே தாக்கல் செய்ததைக் கெடு நாளில் செய்ததாகவே கொள்வார்கள். ஆகவே நேரத்தோடு கொடுத்த 2023 கணக்கைத் திருத்த 2027 ஏப்ரல் 15 வரை நேரமிருக்கிறது. 2024-க்கு 2028 ஏப்ரல் 15. 2025 கணக்குக்கான கெடு 2026 ஏப்ரல் 15, நீட்டிப்பு வாங்கியிருந்தால் அக்டோபர் 15. அதிலும் விட்டுப்போனால் இதே திருத்த வழிதான்.

திருத்தும்போது அந்த ஆண்டின் ஃபார்ம் 5695, மாற்றிய ஷெட்யூல் 3, திருத்தக் கணக்குப் படிவமான 1040-எக்ஸ் ஆகிய மூன்றும் வேண்டும். விளக்கம் எழுதும் இடத்தில் நீட்டி முழக்கவேண்டாம்: "2023-இல் மாட்டிய ஹீட் பம்புக்கான கிரெடிட் முதல் கணக்கில் விடுபட்டது, ஃபார்ம் 5695 இணைக்கப்பட்டுள்ளது" என்ற பொருளில் ஒரு வரி போதும். மாநிலக் கணக்கைப் பெரும்பாலும் தொடவேண்டியதில்லை. மத்திய வரியைக் கழிக்க அனுமதிக்கும் ஒரேகான், அலபாமா போன்ற சில மாநிலங்களில் மட்டும் அதையும் திருத்த நேரலாம்.

வாங்கிய கிரெடிட் தொகையை வீட்டின் அடக்கவிலையில் சேர்க்கக்கூடாது. 10,300 டாலர் ஹீட் பம்புக்கு 2,000 கிரெடிட் வாங்கியிருந்தால் அடக்கவிலையில் ஏறுவது 8,300. வீட்டை விற்கும் நாளில் இது தேவைப்படும் என்பதால், படிவத்தின் பிரதியை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

இனிமேல் மாட்டப்போகிறவர்களுக்கு

2026 முதல் முடியும் வேலைக்கு மத்திய அரசின் இந்தக் கிரெடிட் கிடையாது. விலைப்பட்டியலில் "மத்திய வரிக் கிரெடிட் கழித்து" என்று 2,000 டாலரைக் குறைத்துக் காட்டும் கான்ட்ராக்டரிடம் அந்தக் குறைப்பை அடித்துவிட்டு உண்மை விலையைக் கேளுங்கள். கிடைக்க வாய்ப்புள்ளவை வேறு: உங்கள் யூட்டிலிட்டி நிறுவனத்தின் ரிபேட், மாநிலத் திட்டங்கள், ஹியர் ரிபேட் நடக்கும் மாநிலங்களில் அது. ஹியர் ரிபேட்டில் ஹீட் பம்புக்கு 8,000 டாலர் வரை சட்டம் அனுமதிக்கிறது. குடும்ப வருமானம் உங்கள் பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் செலவு முழுவதும், 80 முதல் 150 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிச் செலவு வரை, இந்த வரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். அதற்கு மேல் இருந்தால் இல்லை.

ஹியர் போன்ற திட்டங்களில் வேலையைத் தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்குவதே நடைமுறை, திட்டத்தில் பதிவு செய்த கான்ட்ராக்டர்தான் வேலை செய்யவேண்டும். மாட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். ஏஎச்ஆர்ஐ ரெஃபரன்ஸ் எண்ணையும், அந்த ஜோடிக்கு ரிபேட் கிடைக்காவிட்டால் விலையில் என்ன செய்வார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.